நாலு பேர் யோசனையும் ஒரு நாய்க்குட்டியும்

வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது என்ற செய்தி தெரு முழுவதும் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையில் பால்காரர் வருவதற்குள் பரவிவிடும். சாயங்காலத்துக்குள் நீங்கள் குட்டிக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதை எப்படி வளர்ப்பது என்று பத்து யோசனைகளாவது வந்து குவிந்திருக்கும். அத்தனையும் இலவசம்!

"பசும்பாலைத் தவிர வேறு எதையும் அதன் கண்ணில் காட்டாதீர்கள்" என்பார் மாடி வீட்டு மாமி. "பால் கொடுத்தீர்களோ, தொலைந்தது! வயிறு போய்விடும்" என்பார் எதிர் வீட்டுப் பென்ஷன்காரர். "ஆரம்பத்திலேயே நாலு போடு போட்டு வையுங்கள், அத்திம்பேர்! இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்" என்பது உங்கள் மைத்துனரின் கட்சி. "வாயில்லா ஜீவன்மேல் கை வைத்தால் ஆயுசுக்கும் மறக்காது" என்பது மைத்துனர் மனைவியின் கட்சி. (அந்த வீட்டில் அபிப்பிராய பேதம் இது ஒன்றுதானா என்று கேட்காதீர்கள்.) போதாக்குறைக்குக் கைபேசியைத் திறந்தால், ஆளுக்கொரு நாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து உபதேசம் செய்கிறார்கள்.

யோசனை சொல்வது நம் ஜனங்களுக்குப் பிறவிக் குணம். கல்யாணத்துக்கும் சொல்வோம், காய்ச்சலுக்கும் சொல்வோம். ஆனால் நமக்குச் சொன்ன யோசனை பிசகிப் போனால், சொன்னவரிடம் போய் நாமே சண்டை பிடிக்கலாம். நாய் விஷயத்தில் அது முடியாது. யோசனை சொல்பவர் ஒருவர், அதைக் கேட்டு நடப்பவர் ஒருவர், பலனை அனுபவிப்பது மூன்றாவது ஆசாமி. அந்த மூன்றாவது ஆசாமி வயிற்று வலி என்றும் சொல்லாது, பயமாயிருக்கிறது என்றும் சொல்லாது. ஆகையால் அதன் சார்பில் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய கடமை வளர்ப்பவருடையது. யார் சொல்வதைக் கேட்பது, யார் சொல்வதைச் சிரித்து அனுப்பிவிடுவது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

★

நாய் பழக்கும் கலையில் நம் ஊரின் மூல சாஸ்திரம் ஒரு பழமொழி: "அடியாத மாடு படியாது." மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைகளுக்கும் பொருத்திப் பார்த்தோம், நாய்க்கும் பொருத்திப் பார்த்தோம். மாட்டுக்கே அது சரிதானா என்று யாரும் மாட்டைக் கேட்கவில்லை.

இதில் வெள்ளைக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-ல் நாய்களைப் பழக்குவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் வெகுமதியும் உண்டு, பலவந்தமும் உண்டு. போலீஸ் நாய்க்கும் ராணுவ நாய்க்கும் ஏற்பட்ட அந்த முறை, நாளடைவில் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் நாய்க்கும் வந்து சேர்ந்தது.

பிறகு இந்த அடிதடிக்கு ஓர் ஆராய்ச்சி ஆதாரமும் கிடைத்தது. ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் இருந்த ஓநாய்களை ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் கவனித்து 1947-ல் ஒரு கட்டுரை எழுதினார். கூட்டத்தில் முதலிடத்துக்காக ஓநாய்கள் சதா போட்டியிடுகின்றன, பலம் உள்ளது தலைமையைப் பிடித்துக்கொள்கிறது என்று அதிலிருந்து ஒரு சித்திரம் உருவாயிற்று. 1970-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மீச் ஓநாய்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம், 'ஆல்பா' என்ற பட்டத்தோடு அந்தச் சித்திரத்தை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவ்வளவுதான்! நாய் ஓநாயின் வம்சம் அல்லவா? ஆகவே வீட்டில் நீங்கள்தான் ஆல்பா என்று நாய்க்குக் காட்ட வேண்டும், அதைக் குப்புறத் தள்ளி அமுக்க வேண்டும், வாசற்படியில் நீங்கள்தான் முதலில் நுழைய வேண்டும் என்றெல்லாம் யோசனைகள் கிளம்பின. இன்றைக்கும் உங்கள் தெருவில் யாராவது ஒருவர் "நாய்க்கு நீ பாஸ் என்று காட்டு" என்கிறார் என்றால், அந்தப் பேச்சுக்குப் பாட்டன் பாஸல் நகரத்து ஓநாய்க் கூண்டுதான்.

அந்தக் கூண்டில் இருந்த சங்கடம் என்னவென்று பாருங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேரைப் பிடித்து வந்து ஒரே அறையில் பூட்டி, நடுவில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, அவர்கள் போடும் சண்டையைப் பார்த்து, "தமிழ்க் குடும்பம் என்பது இதுதான்" என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் நடந்தது. காட்டில் ஓநாய்கள் அப்படி வாழ்வதில்லை. இதைக் கண்டு சொன்னவர் யார் தெரியுமா? அதே மீச்தான். 1986 முதல் கனடாவின் வட கோடியில் உள்ள எல்லெஸ்மியர் தீவுக்குக் கோடைதோறும் போய், காட்டு ஓநாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தார். கூட்டம் என்பது ஒரு தகப்பன், ஒரு தாய், அவற்றின் குட்டிகள், அவ்வளவே. பெற்றவர்கள் வழி நடத்துகிறார்கள், குட்டிகள் பின்னால் போகின்றன. 1999-ல் அவர் இதை விளக்கமாக எழுதி, 'ஆல்பா' என்ற பேச்சே காட்டு ஓநாய்க் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று அறிவித்தார். தம்முடைய பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பிரசுரகர்த்தரிடம் தாமே மன்றாடினார்.

ஓநாயின் கதையே இப்படி என்றால், 14,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதனோடு வாழ்ந்து வரும் நாய்க்கு அந்தக் கூண்டுக் கதை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

யோசனைகளைத் தரம் பிரிக்க உதவும் முதல் பாடம் இந்தக் கதையிலேயே இருக்கிறது. தாம் சொன்னதைப் புது விஷயம் தெரிந்ததும் திருத்திக்கொண்டவர், நம்பத் தகுந்தவர். "நான் நாற்பது வருஷமாக இதையேதான் சொல்லி வருகிறேன்" என்று ஒருவர் மார்தட்டினால், அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் நாயை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

★

ஓர் எளிய விஷயத்தை எடுத்துக்கொள்வோம். குட்டி கூடத்தில் அசுத்தம் செய்துவிட்டது. "மூக்கை அதிலேயே தேய்த்து ஒரு அறை விடுங்கள், புத்தி வரும்" என்று சொல்லாத வீடு குறைவு. "பாருங்கள், தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது! எப்படித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது!" என்று சாட்சியும் காட்டுவார்கள்.

இந்தத் 'திருட்டு முழி'யைப் பற்றி அமெரிக்காவில் அலெக்ஸாண்டிரா ஹோரோவிட்ஸ் என்ற பெண்மணி 2009-ல் வெளியிட்ட சோதனை மிகவும் ரசமானது. 14 நாய்கள். எஜமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவர் திரும்பி வந்ததும், நாய் அதைத் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில சமயம் சொன்னது நிஜம், சில சமயம் பொய். முடிவு என்ன? நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை. எஜமானர் திட்டியபோதெல்லாம் முழி வந்தது. ஒன்றுமே தின்னாத நாய்கூடத் திட்டு வாங்கியபோது பரம பாவியைப் போல முழித்தது. அது குற்ற உணர்ச்சி அல்ல. உங்கள் கோபத்தைக் கண்ட பயம்!

நாய்க்குக் காரியமும் பலனும் கூடவே கூடவே வந்தால்தான் இரண்டுக்கும் முடிச்சுப் போடத் தெரியும். நீங்கள் ஆபீஸிலிருந்து வந்து, காலையில் நடந்ததற்குச் சாயங்காலம் தண்டனை கொடுத்தால், "இவர் வீட்டுக்கு வந்தால் அடி விழும்" என்ற ஒரே பாடத்தைத்தான் அது படிக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியை வெளியே கொண்டுபோய் விடுங்கள். காரியத்தை முடித்த அந்தக் கணமே ஒரு சிறு துண்டு தின்பண்டமும் நல்ல வார்த்தையும் கொடுங்கள். நாள் சில பிடிக்கும், ஆனால் பாடம் நிற்கும்.

"அதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுப்பது" என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. போர்ச்சுகல் தேசத்தில் 7 பழக்கும் பள்ளிகளிலிருந்து 92 வீட்டு நாய்களை எடுத்துப் பரிசோதித்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். சில பள்ளிகள் வெகுமதி கொடுத்துப் பழக்குபவை. மற்றவை கொஞ்சமாகவோ அதிகமாகவோ கண்டிப்பும் தண்டனையும் கலந்து பழக்குபவை. தண்டனைப் பள்ளி நாய்கள் பாடத்தின்போது அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடம்பைக் குறுக்கிக்கொண்டன. பாடம் முடிந்தபின் எச்சிலைச் சோதித்தால், மனச் சங்கடத்தின்போது உடம்பில் ஊறும் கார்டிஸால் என்ற பொருள் அதில் உயர்ந்திருந்தது. அதோடு விடவில்லை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் சாப்பாடு இருக்கும், மறு பக்கத்துக் கிண்ணம் காலி என்று நாய்களுக்குப் பழக்கிவிட்டு, பிறகு நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். வெகுமதிப் பள்ளி நாய்கள் 'இருக்கும்' என்று விரைந்து போயின. தண்டனை அதிகம் உள்ள பள்ளி நாய்கள் 'எங்கே இருக்கப் போகிறது!' என்று தயங்கித் தயங்கிப் போயின. அடி வாங்கிய பிள்ளையின் மனசு எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பதையும் இங்கேயே மூட்டை கட்டி வைத்துவிடலாம். தாராளமாகக் கடிக்கும். குரைப்பதும் உறுமுவதும் நாய் கொடுக்கும் நோட்டீஸ். "கிட்டே வராதே, எனக்குப் பயமாயிருக்கிறது" என்பது அதன் வாசகம். உறுமுகிற நாயை அடித்து உறுமலை நிறுத்திவிட்டால், பயம் போய்விடாது. நோட்டீஸ் மட்டும் நின்றுவிடும். பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். அப்போது, "இத்தனை நாள் சாதுவாக இருந்ததே!" என்று அதே யோசனைக்காரர் வந்து ஆச்சரியப்படுவார்.

★

மூடத்தனமான யோசனையைத் தள்ளிவிடுவது சுலபம். இரண்டு நல்ல யோசனைகள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் திண்டாட்டம்.

வைத்தியர் சொல்கிறார்: "ஊசிகள் முடிகிற வரை குட்டியைத் தெருவில் விடாதீர்கள்." நாய் பழக்குபவர் சொல்கிறார்: "இந்த வயசில் நாலு மனிதரையும் நாலு சத்தத்தையும் காட்டாவிட்டால் பிற்பாடு பயந்தாங்கொள்ளியாகிவிடும்." யார் பேச்சைக் கேட்பது?

இருவரிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். வைத்தியர் பயப்படுவது பார்வோ என்ற கிருமிக்கு. 1978-ல் உலகத்துக்குத் தெரிய வந்த இந்தக் கிருமி, குட்டிகளை ரத்தபேதியில் சில நாட்களிலேயே கொன்றுவிடக் கூடியது. நோய் கண்ட நாய் அசுத்தம் செய்த மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி உண்டு. ஆனால் ஓர் ஊசியோடு ஏன் தீருவதில்லை? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் தங்கி, ஊசி மருந்தை வேலை செய்யவொட்டாமல் தடுக்கிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, சில வார இடைவெளியில் 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "வைத்தியர் காசு பிடுங்க மூன்று ஊசி போடுகிறார்" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தச் சீம்பால் விஷயத்தை அவசியம் சொல்லுங்கள்.

பழக்குபவரின் பயமும் வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965-ல் புத்தகம் வெளியிட்டார்கள். சுமார் 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை குட்டியின் மனசு திறந்த ஜன்னலைப் போல இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அப்போது பார்த்தவையெல்லாம் சிநேகம். ஜன்னல் மூடிய பிறகு வரும் புதியவையெல்லாம் சந்தேகம். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற பழமொழி வேறு எங்கே பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

காரணம் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். ஆபத்து தெரு மண்ணில் இருக்கிறது. பாடம் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போங்கள், தரையில் விடாதீர்கள். ஆட்டோ ரிக்ஷாவும், குடை பிடித்தவரும், ஹெல்மெட் போட்டவரும், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் குழந்தைகளும் உங்கள் தோள் மேலிருந்தே அதற்குத் தெரியட்டும். ஊசிகள் போட்டு ஆரோக்கியமாக இருக்கும் சிநேகிதர் வீட்டு நாயைக் காட்டுங்கள். நாயின் நடத்தையை ஆராயும் அமெரிக்க மிருக வைத்தியர்களின் சங்கம் 2008-லேயே, முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்த குட்டிகளைச் சுத்தமான இடத்தில் நடக்கும் வகுப்பில் சேர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆக, வைத்தியரும் ஜெயித்தார், பழக்குபவரும் ஜெயித்தார். காரணம் சொல்லத் தெரிந்தவரோடுதான் இப்படி ராஜி செய்துகொள்ள முடியும். "சொன்னால் சொன்னபடி செய்" என்பவரோடு முடியாது.

★

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். "நாய் ஓநாயின் ஜாதி, பச்சை மாமிசம்தான் போட வேண்டும்" என்று ஒரு கட்சி. "எங்கள் வீட்டு நாய் பதினைந்து வருஷம் தயிர் சாதத்திலேயே வாழ்ந்தது" என்று எதிர்க் கட்சி. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுப் பொருளை ஜீரணிக்கும் சக்தி நாய்க்கு ஓநாயைவிட மிகவும் அதிகம் என்று கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து நாயும் சோறு தின்னக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே சோறு விஷமில்லை. அதற்காகச் சோறு மட்டும் போதும் என்பதும் இல்லை. வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சரியான அளவில் வேண்டும். பதினைந்து வருஷம் வாழ்ந்த ஒரு நாயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே சாப்பாட்டில் சீக்கிரமே போய்ச் சேர்ந்த நாயைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அடுப்பங்கரையில் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கும். மிச்சமான வெங்காய சாம்பாரையும் பிரியாணி மசாலாவையும் சோற்றில் பிசைந்து வைப்பது உபகாரம் ஆகாது. பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும். இத்தனை தின்றால் பாதகமில்லை என்று அளவு சொல்ல முடியாது. சாக்லெட்டும் ஆகாது. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

மருந்து யோசனையில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். உடம்பு சுட்டால் நமக்குப் போடும் பாரஸிடமால் மாத்திரையில் பாதியைப் போடலாம் என்பார்கள். அது நாயின் ஈரலைப் பாதிக்கும். வலிக்குச் சாப்பிடும் இபுபுரூஃபென் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். "எங்கள் நாய்க்கு உண்ணி போக இந்த மருந்துதான் கொடுத்தோம்" என்று சொல்லி மிச்சத்தைக் கொடுத்தனுப்பும் நல்ல மனசுக்காரர்களும் உண்டு. ஐவர்மெக்டின் என்ற மருந்தை உண்ணிக்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. காலி ஜாதி நாய்கள் சிலவற்றுக்கு மரபணுவில் உள்ள ஒரு கோளாறினால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து, தள்ளாட்டமும் நடுக்கமும் கண்டு, உயிருக்கே ஆபத்தாகும் என்று 2001-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நாய்க்கு நன்மை செய்ததும் நிஜம், உங்கள் நாயை அது கொல்லக் கூடும் என்பதும் நிஜம். அனுபவம் பெரிய வாத்தியார்தான். ஆனால் ஒரு நாயின் அனுபவம் ஒரு நாயோடு சரி.

★

எல்லா யோசனைகளிலும் உயிரோடு விளையாடுவது ஒன்று உண்டு. அது நாய் கடித்தவருக்குச் சொல்லும் யோசனை.

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று கடித்த இடத்தில் அப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. வெறிநாய்க் கடி நோயின் அறிகுறி கண்டுவிட்டால் அதன் பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறி காண்பதற்கு முன் சரியான சிகிச்சை செய்துகொண்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. இவ்வளவு தெளிவான கணக்கு வைத்திய சாஸ்திரத்தில் வேறெங்கும் காண்பது அரிது. கடித்த உடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பினால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். அதனால்தான் சோப்பு. பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"ஐயையோ, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி!" என்று பாட்டிமார்கள் பயமுறுத்துவார்கள். அவர்கள் சொல்வது ஒரு காலத்து நிஜம். கசௌலியில் டேவிட் ஸெம்பிள் 1911-ல் ஏற்படுத்திய மருந்து அப்படித்தான் வயிற்றில் நாள் தவறாமல் போடப்பட்டது. நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ல் அடியோடு நிறுத்திவிட்டது. இப்போது கையில் தோலுக்குள் சிறு ஊசி. முதல் நாள், அதிலிருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று சில தவணைகள். ஆழமான கடிக்குக் காயத்திலேயே போடும் மருந்து ஒன்றும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். காலாவதியான மருந்துச் சீட்டைப் போலவே காலாவதியான யோசனையும் உண்டு. இது இருபது வருஷம் முன்பே காலாவதியானது. ஆனால் அந்தப் பழைய பயத்தால் இன்றைக்கும் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால்?

இன்னொன்று, "நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஒன்றும் ஆகாவிட்டால் ஊசி வேண்டாம்" என்பது. இது தலை உள்ள, வால் அறுந்த யோசனை. முழு யோசனை இதுதான்: ஊசியை உடனே ஆரம்பித்துவிடு, நாயையும் பத்து நாள் கவனி, அது நன்றாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லட்டும். "குட்டிதானே, பல் பட்டால் என்ன?" என்பதும் தப்பு. குட்டிக்கும் இந்த நோய் வரும். உங்கள் நாய்க்கு மூன்று மாதத்தில் இதற்கான தடுப்பூசி போட்டு, பிறகு வைத்தியர் சொல்லும் கெடுவில் மறுபடியும் போட்டு, சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டுப் பத்திரங்களோடு வைத்தாலும் தப்பில்லை.

★

கடைசியாக, காசு கொடுத்துக் கேட்கும் யோசனை. மிருக வைத்தியர் என்றால் அவர் படித்துப் பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரா என்று பார்க்கலாம்; 1984-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவேடு உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள். விற்பவர் என்றால், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் ஏற்பட்ட விதி சொல்கிறது. "நாலு வாரத்திலேயே கொண்டு போங்கள், அப்போதுதான் உங்களோடு ஒட்டும்" என்று அவர் சொன்னால், அது குட்டிக்கான யோசனை அல்ல, கல்லாப்பெட்டிக்கான யோசனை.

நாய் பழக்குபவர் விஷயம் கொஞ்சம் கஷ்டம். பலகை எழுதி மாட்டிவிட்டால் யாரும் பழக்குபவர் ஆகிவிடலாம். ஆகையால் அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கொடுப்பீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? பாடம் நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா? மூன்றாவது கேள்விக்கு "கூடாது" என்று பதில் வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். நாய் உங்களோடுதான் வாழப் போகிறது. உங்களுக்குத் தெரியாமல் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தை ஒன்றும் இல்லை. "பத்தே நாளில் பூரண உத்தரவாதம்" என்பவரைவிட, "முதலில் நாயைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சொல்ல முடியும்" என்பவர் மேல்.

ஏன் முதலில் பார்க்க வேண்டும்? நம் ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை நிறத்துக்குப் பேர் போனது. 2005-ல் தபால் தலையிலேயே இடம் பெற்ற கம்பீரம். ஆனால் வெள்ளைத் தோல் உள்ள நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் சில பிறப்பதுண்டு. டால்மேஷியனிலும் உண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. அப்படி ஒரு குட்டியைக் கூப்பிட்டால் எப்படி வரும்? "திமிர் பிடித்தது, நாலு கொடுத்தால் சரியாகும்" என்று ஒருவர் சொல்வார். "பின்னால் நின்று ஒரு தரம் கையைத் தட்டிப் பார்ப்போம், பிறகு வைத்தியரிடம் காட்டுவோம்" என்று இன்னொருவர் சொல்வார். காது கேளாத ஒரு ஜீவன் ஏன் அடி விழுகிறது என்று தெரியாமலே அடி வாங்குவதும் வாங்காமல் தப்புவதும், நீங்கள் இந்த இருவரில் யாருக்குத் தலையை ஆட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்டென்று முரடாகிவிட்ட நாய்க்குக் காதுப் புண்ணோ பல் வலியோ இருக்கலாம். பழகிய இடத்தில் அசுத்தம் செய்யும் நாய்க்கு நீர்க்கடுப்பு இருக்கலாம். குணம் மாறினால் முதலில் வைத்தியர், பிறகுதான் வாத்தியார்.

எந்த யோசனையைக் கைக்கொண்டாலும் இரண்டு வாரம் கழித்து ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். பரீட்சைக்குப் புத்தகம் வேண்டாம். வெறும் கையோடு, சாதாரணக் குரலில் நாயைக் கூப்பிடுங்கள். காது கேட்கும் நாய் என்றால், வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறதா, அல்லது வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கட்டிலடியில் பதுங்குகிறதா என்று கவனியுங்கள். யோசனை சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, அந்த வாலின் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.